இடக்கைக்காரனுக்கு ஒரு துவக்கு

எண்பதுகளின் நடுவில் பாரிசின் லா சப்பல் பகுதியில் ஓர் ஐந்தாம் மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூவருமே யாழ்ப்பாணம். ஒருவர் ஊரில் தண்ணீர்ப் பம்பு விற்ற கடைக்காரர். அவரைப் பம்பண்ணை என்று கூப்பிடுவோம். மற்றவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஆகவே வங்கியண்ணை. அவர் பாரிசில் விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பத்து மணிக்கு வந்து படுப்பார். நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை எனக்கு வேலை இல்லை. அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் காசு வாங்காமல் சும்மா சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் அறைக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு, விசா தரும் பிறிபெக்சர் அலுவலகக் கடதாசி எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று.

அப்படித்தான் அந்தச் சஞ்சிகையும் என் கைக்கு வந்தது. பம்பண்ணை அதைக் கார் து நோர் ஸ்ரேஷன் கடையில் வாங்கி, கோட்டுக்குள் மறைத்து, ஐந்து மாடியும் ஏறி வந்து கட்டிலில் விரித்தார். துப்பாக்கிகளைப் பற்றிய ஆயுதச் சஞ்சிகை. அட்டையில் ஒரு கட்டைத் துவக்கு. பார்த்தவுடன் ஏதோ பிழை என்று பட்டது.

"உதென்ன, முன்பின் மாறிப் பூட்டியிருக்கினம்?" என்றார் வங்கியண்ணை.

"மாறிப் பூட்டேல்லை. ரவைக்கூடு விசைக்குப் பின்னாலை இருக்கு. தோளிலை முட்டுற பக்கமே மிஷின். குழாய் முழு நீளம், துவக்கு அரை நீளம். சாரத்துக்குள்ளை மறைச்சுக்கொண்டு சைக்கிளிலை போகலாம்," என்றார் பம்பண்ணை.

அதற்குச் சஞ்சிகையில் ஒரு பெயர் இருந்தது. புல்பப். என் சின்ன அகராதியில் அது இல்லை. ஆங்கிலத்தில் பிரித்துப் பார்த்தால் காளையும் நாய்க்குட்டியும் வந்தன. காளை நாய்க்குட்டி என்று நான் சொல்ல இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எங்கள் அறையில் அதற்கு நாய்க்குட்டி என்றே பெயர் நிலைத்தது.

சஞ்சிகை இரண்டு நாய்க்குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டிருந்தது. ஒன்று ஒஸ்ரியாவில் செய்தது. பச்சை பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே எத்தனை ரவைக் குண்டு இருக்கிறது என்று வெளியில் இருந்தே தெரிகிற கண்ணாடி போன்ற கூடு, தூக்கிப் பிடிக்கும் கைபிடியிலேயே தூரக் கண்ணாடி. மற்றது சீனாவில் செய்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய ரஷ்ய மாதிரியை வெட்டித் திருப்பிப் பொருத்தியது. விலை பெரிய வித்தியாசம்.

பம்பண்ணை மலிவின் பக்கம். வங்கியண்ணை விலை கூடியதன் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருக்கும் வேலை இல்லை என்பதால் சண்டை சமையலோடு தொடங்கிச் சமையலோடு போகும்.

"ஒஸ்ரியாக்காரன்ரை ஒண்டின்ரை விலைக்கு இதிலை மூண்டு எடுக்கலாம். ஒருத்தன்ரை கையிலை திறமான சாமான் இருக்கிறதோ, மூண்டு பேற்றை கையிலை ஏதோ ஒண்டு இருக்கிறதோ? நீர் சொல்லும்," என்பார் பம்பண்ணை, வெங்காயம் வெட்டியபடி.

"மூண்டும் நடுவிலை நிண்டால்?"

"நிண்டால் கழட்டிப் பூட்டலாம். சீனாக்காரன்ரை சாமானை தோட்டம் கொத்திற எந்தக் கமக்காரனும் கழட்டுவான். மற்றதுக்குப் பார்ட்ஸ் எங்கை எடுக்கிறது? வியன்னாவுக்குத் தந்தி அடிக்கிறதோ?"

"உங்கடை கடையிலை மலிவுப் பம்பு வாங்கித்தான் எங்கடை மாமா ஒரு போகம் முழுக்க வெங்காயத்தை எரியவிட்டவர். அதையும் கழட்டிப் பூட்டலாம் எண்டுதான் சொன்னனீங்கள்."

"உங்கடை மாமா மண்ணெண்ணெயிலை தண்ணி கலந்தவர்! எனக்குத் தெரியாதே?"

இப்படி. அந்த அறையில் எவருமே வாழ்க்கையில் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. பம்பண்ணை வேட்டைத் துவக்கு ஒன்றைத் தூக்கிப் பார்த்ததாக ஒருமுறை சொன்னார், மறுமுறை அது அவருடைய மைத்துனர் என்றார். என்றாலும் அவர்கள் விளையாட்டுக்குக் கதைக்கவில்லை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியும் எங்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. எதைப் பற்றியாவது எது நல்லது எது கெட்டது என்று தீர்மானிக்கக் கிடைத்தால் அது ஒரு ஆறுதல். நான் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லுவேன். பம்பண்ணை அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். யாருக்காக எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கொப்பி எங்கும் போகவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து எங்களோடு சாப்பிட வருபவர் ஒருவர் இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஊரில் இராணுவத்துக்குப் போனவர்களை சொல்தா என்பார்களாம். நாங்களும் அவருக்கு அந்தப் பெயரையே வைத்தோம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் காவல் வேலை. மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் அவரோடு பிரெஞ்சில் மட்டும் பேசினார்கள். கறிச்சரக்குக் கடையில் எங்களைச் சந்தித்து, எங்கள் நண்டுக் கறிக்காகவே நண்பரானவர். ஒவ்வொரு தடவையும் கக்கத்தில் ஒரு நீளப் பிரெஞ்சுப் பாண் ரொட்டியோடு வருவார்.

பிரெஞ்சு இராணுவத்துக்கும் ஒரு நாய்க்குட்டி இருந்தது. சொல்தா கடைசி மூன்று வருடம் ஆப்பிரிக்காவில் அதைத்தான் சுமந்தார். ஆகவே இருவரும் அவரை நீதிபதியாக்கப் பார்த்தார்கள். அவர் பிடிகொடுக்கவில்லை.

"எங்களுக்குக் குடுத்தத தூக்கினோம். கடையில போயி பார்த்தா வாங்கினோம்? நண்டு ஆறிப்போவுது, போடுங்கப்பா."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் தலையணை உறைக்குள் அம்மாவின் கடிதம் ஒன்று கிடந்தது. ஆறு வாரத்துக்கு முன் வந்தது. தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டான். கூப்பன் கடைக்கென்று சைக்கிளில் போனவன் சைக்கிளை யாரோ ஒருவரிடம் திருப்பி அனுப்பிவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டான். எந்த இயக்கம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவன். கண்ணாடி இல்லாமல் சுவரில் உள்ள கலண்டர் தெரியாது.

நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் தோளில் தட்டுவார், மற்றவர் பெருமூச்சு விடுவார். இரண்டையும் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். பிரான்சுக்கு என்னை அனுப்புவதா அவனை அனுப்புவதா என்ற கேள்வி வந்தபோது, மூத்தவன் போகட்டும் என்று சொன்னவனே அவன்தான். அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு நான் சீனத் துவக்கின் குறைகளைப் பற்றிய பந்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். சொல்தா யன்னலோரம் இருந்து நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விசைக்குப் பின்னால் மிஷின் இருப்பதால் சுட்டபின் ரவையின் வெற்றுக்கோது சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தால்தான் வெளியே பாய்கிறது. அது வலப்பக்கம் பாய்வதால் வலக்கைக்காரருக்குப் பிரச்சினை இல்லை. இடது தோளில் வைத்துச் சுடுகிறவருடைய முகத்தில் அடிக்கும். விலை கூடியதில் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மலிவானதில் மாற்ற வழியில்லை.

"இடக்கையன் எத்தினை பேர் இருப்பாங்கள்? நூற்றுக்கு அஞ்சு பேர். அவங்களுக்கு வேறை வேலை குடுக்கலாம்," என்றார் பம்பண்ணை.

நான் சஞ்சிகையை மூடினேன். என் தம்பி இடக்கைக்காரன். சோற்றுக்கு மட்டும் வலக்கை, அதுவும் அம்மா அடித்துப் பழக்கியதால். பேனை, மட்டை, கத்தி எல்லாம் இடக்கை.

"அண்ணை, மலிவு மலிவு எண்டு நெடுகக் கத்துறியள். ஒருத்தன்ரை கண் போனால் ஆர் பொறுப்பு?"

"இதுக்கேன் உமக்குக் கோபம் வருது?"

"என்ரை தம்பி இடக்கையன்! அவன்ரை மூஞ்சையிலைதான் அடிக்கும்!"

என் சத்தம் எனக்கே கேட்டது. அடுப்பில் கறி கொதித்தது. பம்பண்ணை கையில் கரண்டியோடு நின்றார்.

"தம்பி... இயக்கத்துக்குப் போட்டானோ?" என்று வங்கியண்ணை மெல்லக் கேட்டார்.

"ஓம்."

"எப்ப?"

"மாசம் ஒண்டரை."

யாரும் தோளில் தட்டவில்லை. சொல்தா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் ஒரு தொழில்காரரைப் போலக் கேட்கத் தொடங்கினார்.

"எங்க இருக்கான்?"

"தெரியாது ஐயா."

"யாரு சுடக் கத்துத் தர்றாங்க?"

"தெரியாது."

"இன்னா துப்பாக்கி குடுத்துருக்காங்க?"

"அதுவும் தெரியாது."

"கண்ணு நல்லாத் தெரியுமா?"

"கண்ணாடி போடுறவன். கண்ணாடி உடைஞ்சால் ஒண்டும் தெரியாது."

அவர் எழுந்து மூலையில் கிடந்த என் குடையை எடுத்தார். இடது தோளில் சாய்த்து, கன்னத்தை எவ்வளவு தூரம் விலக்கி வைக்கலாம் என்று எனக்குச் செய்து காட்டினார். தலையை அப்படிச் சரித்தால் குறி பார்க்க முடியாது என்பது அவருக்கே செய்யும்போதுதான் தெரிந்தது. மறுபடி வேறு மாதிரிச் செய்து பார்த்தார். பிறகு குடையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வலது தோளுக்குப் பழகிக்கலாம். பழக்கிடுவாங்க," என்றார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தால் சஞ்சிகை தலையணைக்குக் கீழே போய்விடும். பேச்சு விலைவாசிக்கு மாறிவிடும். ஆனால் இப்போது என்னால்தான் விட முடியவில்லை. வகுப்புக்குப் போகிற வழியில் ஸ்ரேஷன் கடையில் நின்று, வாங்காமல், கடைக்காரர் கனைக்கும்வரை அந்தச் சஞ்சிகைகளைப் புரட்டினேன். எந்த நாய்க்குட்டி இடக்கைக்கு ஆகும், எது ஆகாது என்று எனக்கு மனப்பாடம். தம்பிக்குக் கால் அளவு பார்த்துச் சப்பாத்து வாங்கப் போகிறவன் போல இருந்தேன். ஒஸ்ரியாவின் பச்சைத் துவக்கைப் பார்த்து இதைக் கொடுத்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, அவன் அதால் யாரைச் சுடவேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்று யோசித்தபோது சஞ்சிகையைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு நடந்தேன். வகுப்பில் அன்றைய பாடம் சமையலறைச் சாமான்களின் பெயர்கள்.

கடைசியில் அம்மாவுக்கு எழுதினேன். கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் துவக்கு என்ற சொல்லை எழுத முடியாது. எனவே இப்படி எழுதினேன்: 'தம்பியைக் கண்டால், இடக்கைக்குச் சரிவராத மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கோ. கேட்டு மாற்றி எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாவிட்டால் வலக்கைக்குப் பழகச் சொல்லுங்கோ. முகம் கவனம்.'

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மாவின் எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. 'நீ எழுதினது எனக்கு விளங்கவில்லை ராசா. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்து ஒரு வருடமாச்சு. இஞ்சை ஒருத்தரும் மண்வெட்டி பிடிக்கிறதில்லை. உனக்கு அங்கை சுகமில்லையோ? வடிவாய்ச் சாப்பிடு.'

கட்டிலில் இருந்து அதை வாசித்தேன். பம்பண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். நான் மண்வெட்டி என்று எழுதியதைச் சொல்லிக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து, முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

அந்தக் குளிர்காலத்தின் முடிவில் அடுத்த கடிதம். அது கொழும்பில் இருந்த ஒரு உறவினர் வழியாக வந்தது. படையினர் தம்பியைப் பஸ்ஸில் இருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆயுதம் ஒன்றும் இல்லாமல், சேட்டுகள் வைத்த ஒரு பையோடு ஊருக்கு வந்தவனாம். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைசி வரியில் அம்மா எழுதியிருந்தார்: 'நீ பிரான்சிலை இருக்கிறாய். ஆரையும் பிடிச்சு ஏதும் செய்.'

நான் பிடிக்கக்கூடிய ஆள் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். பள்ளிக்கூட வாசலுக்கே போய்ச் சொன்னேன். சொல்தா முழுவதையும் கேட்டார்.

"நாம லெத்தர் எழுதுவோம். நான் எழுதினா படிப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் இந்தத் தேசத்துக்கு உழைச்சிருக்கேன் இல்ல?"

அவருடைய பழைய தட்டச்சு யந்திரத்தில் மந்திரிகளுக்கும் அலுவலகங்களுக்குமாக ஏழு கடிதங்கள் அடித்தார். நான் எழுதியிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்கும். அவருடைய பிரெஞ்சில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம், மரியாதைச் சொற்கள் மட்டும் கால் பக்கம். ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், கோட்டில் பதக்க நாடாவைக் குத்திக்கொண்டு என்னைக் கைதிகளுக்காக வேலை செய்யும் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். பம்பண்ணையும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அங்கே இருந்த பெண் நல்லவர். எங்களுக்குக் கோப்பி தந்தார். ஒரு படிவத்தை எடுத்து வைத்துக் கேட்டார். பிடிபட்ட தேதி? சரியாகத் தெரியாது. பிடித்தது யார், எந்தப் படைப்பிரிவு? தெரியாது. இடம்? பஸ்ஸில். எந்த வீதியில்? தெரியாது. நேரில் கண்ட சாட்சி? அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். அந்த யாரோவின் பெயர்? தெரியாது.

ஒவ்வொரு தெரியாதுக்கும் அவர் ஒரு கோடு போட்டார். சொல்தா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் சேவையைப் பற்றி, எந்தெந்த நாடுகளில் நின்றார் என்பதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டார். அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. வேறு தகவல் கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார். கதவுவரை வந்து மூவருக்கும் கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் சொல்தா பதக்க நாடாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஜெனரலுக்கே எழுதிருக்கணும்," என்றார். எந்த ஜெனரல் என்று நாங்கள் கேட்கவில்லை.

மெத்ரோ ரயிலில் பம்பண்ணை என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

"நான் வாய்க்கு வந்ததெல்லாம் கதைச்சிட்டன். இடக்கையனுக்கு வேறை வேலை குடுக்கலாமெண்டு... மனசிலை வைச்சிருக்காதையும்."

"நானும்தானே அண்ணை வாசிச்சுச் சொன்னனான்."

ஏழு கடிதங்களில் இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் கடிதம் கிடைத்தது என்று மட்டும் இருந்தது. சொல்தா அவற்றை உறையோடு பத்திரமாக வைத்திருந்தார். பம்பண்ணை இரண்டு மாதம் சஞ்சிகை வாங்கவில்லை. பிறகு மறுபடி வாங்கினார். என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் அதற்குள் சில தடவை அந்தக் கடைப்பக்கம் போயிருந்தேன்.

அடுத்த வருடம் ஊரில் நிலைமை மாறிச் சிலரை விட்டார்கள். விட்டவர்களில் தம்பியும் ஒருவன். எங்கள் கடிதத்தால் விட்டார்கள் என்று சொல்தா நம்பினார். நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை ஒரு லொறி நிறைய ஆட்களை ஒரே நாளில் இறக்கிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தம்பி வந்து தங்கியிருந்த கொழும்பு உறவினர் வீட்டுக்கு இன்ன நாள் இன்ன நேரம் எடுக்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி, பின்னேரம் நாலரை மணிக்கு மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வீதியோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றேன். தம்பியின் குரல் தடித்திருந்தது. அண்ணை என்றான். நான் எவ்வளவோ கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"உனக்கு என்ன துவக்குத் தந்தவங்கள்?"

"துவக்கோ? ஒண்டும் தரேல்லை. நான் குசினியிலையெல்லோ நிண்டனான். சமையல். நூறு பேருக்குப் பருப்பு. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

"கண்ணாடிக்காரனை வேறை எங்கை விடுறது எண்டு சொன்னவங்கள்." அவன் சிரித்தான் என்று நினைக்கிறேன். "உங்களிட்டை ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"இல்லை. அடிச்சவங்களோ?"

அந்த நேரம் பாலத்தின் மேலால் மெத்ரோ ஒன்று போயிற்று. கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது.

"அதென்ன சத்தம்?" என்று கேட்டான், பயந்த மாதிரி.

"ரயில்."

"உங்களுக்குப் பக்கத்திலையோ?"

"மேலாலை. தூணுக்கு மேலை தண்டவாளம். வீடுகளின்ரை இரண்டாம் மாடி உயரத்திலை போகும்."

"அப்ப வீட்டுக்குள்ளை இருக்கிற சனம் தெரியுமோ?"

"தெரியும். பின்னேரத்திலை லைற்று போட்டால் சமைக்கிறது, சாப்பிடுறது எல்லாம் தெரியும்."

"சொல்லுங்கோ," என்றான்.

தொலைபேசி அட்டையில் மிச்சம் இருந்த அலகுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. நான் அவனுக்கு ரயிலைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பெட்டி, என்ன நிறம், எங்கே நிலத்துக்குக் கீழே இறங்கும், எங்கே மறுபடி வெளிச்சத்துக்கு வரும். அவன் இடைக்கிடை ஓம், ஓம் என்றான். வழியில் எங்கேயும் ஆட்களை இறக்கிப் பார்ப்பார்களோ என்று கேட்டான். ரிக்கற் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றேன். இஞ்சை வாறியோ, நான் ஏதாவது ஒழுங்கு செய்கிறேன் என்று நான் தொடங்கியபோது அட்டை முடிந்து லைன் அறுந்தது.

ஒழுங்கு செய்யவும் என்னால் முடியவில்லை. என் சொந்த அகதிக் கடதாசியே அப்போது தீர்ப்புக்குக் காத்திருந்தது. கூண்டை விட்டு வெளியே வந்தேன். பின்னால் வரிசையில் நின்ற மனிதர் மன்னிப்புக் கேட்டபடி உள்ளே புகுந்தார். ஆறு மணிக்கு வேலை. நான் உணவகத்துக்கு நடக்கத் தொடங்கினேன்.